கிளாக்கோமாவுக்கு லேசர் செய்து பல வருடமான கண்: உள்ளே திசு என்ன ஆகிறது, நாம் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லை_விழி
வணக்கம். பலமனேர், வி.கோட்டா பக்கத்திலிருந்தும் பேரணாம்பட்டு, குடியாத்தத்திலிருந்தும் ஆட்கள் வந்து போகும் விஷன் சென்டரில் ஆப்டோமெட்ரிஸ்ட். கிளாக்கோமாவுக்கு (கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) எப்போதோ லேசர் செய்துகொண்டவர்கள் நிறைய வருகிறார்கள். அந்தப் பக்கம் ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ, இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் முதல்வர் காப்பீட்டு அட்டை. ஒரே கண்ணை இரண்டு மாநிலத்தில் நாலு இடத்தில் பார்த்திருப்பார்கள், காகிதம் எங்கும் ஒன்றாக இருக்காது. இருந்தாலும் "நீட்டி காசுலு, லேசர் முடிந்தது" (நீட்டி காசுலு என்றால் தெலுங்கில் கிளாக்கோமா) என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. எந்த லேசர், எவ்வளவு பவர், எத்தனை ஷாட், எதுவும் தெரியாது.

மூன்று விதமான கண்களை வைத்துக் கேட்கிறேன்.

முதலாவது, 62 வயது அம்மா. இரண்டு கண்ணிலும் மேல்புற ஐரிஸில் (கண் பாப்பாவைச் சுற்றிய நிறத் திரை) யாக் லேசரால் போட்ட ஓட்டை, ஒன்பது வருடம் ஆகிறது. ஓட்டை திறந்துதான் தெரிகிறது. பிரஷர் வலது 25, இடது 23. "ஓட்டை போட்டாச்சு, இனிமே வராதுன்னாங்களே" என்று கேட்கிறார்.

இரண்டாவது, 74 வயதுப் பெரியவர். 1990 வாக்கில் "கோணத்தில் லேசர்" வைத்தார்களாம் (கோணம் என்பது முன்பக்கக் கார்னியாவும் ஐரிஸும் சேரும், நீர் வடியும் இடம்). இப்போது மூன்று சொட்டு மருந்து. ஓரிடத்தில் எஸ்.எல்.டி. (கோணத்தில் செய்யும் புதுவகை லேசர்) செய்யலாம் என்கிறார்கள். ஒரு தடவை சுட்ட வலை (கோணத்தில் நீரை வடிக்கும் சல்லடைத் திசு) இன்னொரு லேசரைத் தாங்குமா?

மூன்றாவது, சர்க்கரையால் புது ரத்தக்குழாய் வளர்ந்து வந்த கிளாக்கோமா. நீர் சுரக்கும் சிலியரி பாடியைச் சுடும் டயோடு லேசர் இரண்டு முறை ஆகியிருக்கிறது. பிரஷர் 6. கண் லேசாகச் சிவந்திருக்கிறது, வலி அதிகமில்லை, பார்வை கை அசைவு மட்டும்.

வருடங்கள் போன பிறகு இந்தத் திசுக்களில் என்ன மாற்றம் நிலைத்துவிடுகிறது, ஸ்லிட் லாம்ப்பிலும் கோனியோவிலும் (கண்ணாடி வைத்த லென்ஸால் கோணத்தைப் பார்க்கும் சோதனை) அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

திசுப்பிரிவு
பெரியவரின் கண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "கோணத்தில் லேசர்" என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு வேறு காயங்கள் இருக்கின்றன. அதைப் பிரிக்காமல் மேலே பேச முடியாது.

1990 வாக்கில் என்றால் அது ஆர்கான் லேசர் டிரபெகுலோபிளாஸ்டி, அதாவது ஏ.எல்.டி. வைஸும் விட்டரும் 1979-ல் வெளியிட்ட முறை. எஸ்.எல்.டி.க்கு அடிப்படையான ஆய்வை லாட்டினாவும் பார்க்கும் 1995-ல்தான் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001-ல். ஆகவே தேதி ஒன்றே பாதி விடை சொல்லிவிடுகிறது. நோயாளியிடம் "எந்த வருஷம்" என்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். வருஷம் நினைவில்லையென்றால் பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாலே போதும்.

கணக்கைப் பாருங்கள். ஏ.எல்.டி.யில் புள்ளி 50 மைக்ரான், நேரம் 0.1 விநாடி. 800 மில்லிவாட் வைத்தால் ஒரு ஷாட்டுக்கு 80 மில்லிஜூல். எஸ்.எல்.டி.யில் புள்ளி 400 மைக்ரான், நேரம் 3 நானோவிநாடி, ஆற்றல் சுமார் 0.8 மில்லிஜூல். ஆற்றல் நூறில் ஒரு பங்கு, விழும் பரப்பு 64 மடங்கு. சதுர மில்லிமீட்டருக்கு என்று கணக்கிட்டால் ஏ.எல்.டி. இறக்கும் சுமை ஆறாயிரம் மடங்குக்கும் மேல்.

அதைவிட முக்கியம் நேரம். மெலனின் துகள் தான் வாங்கிய சூட்டைப் பக்கத்துத் திசுவுக்குக் கடத்த ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடி பிடிக்கும். எஸ்.எல்.டி. பல்ஸ் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுவதால் சூடு நிறமி செல்லுக்குள்ளேயே அடைபடுகிறது. அந்த செல் சிதையும், அதைத் தாங்கும் கொலாஜன் கம்பி பிழைக்கும். 0.1 விநாடி என்பது அந்த மைக்ரோவிநாடிக்கு ஒரு லட்சம் மடங்கு. சூடு பரவிக் கம்பியே வெந்து சுருங்குகிறது. கிரேமரும் நோக்கரும் 2001-ல் கண் வங்கிக் கண்களில் இரண்டையும் ஒப்பிட்டபோது ஏ.எல்.டி. பட்ட இடத்தில் பள்ளமும் வெந்த திசுவும் இருந்தன. எஸ்.எல்.டி. பட்ட இடத்தில் அது இல்லை. நிறமித் துகள்கள் உடைந்தும், வலையின் உள்ளுறை செல்கள் சில கலைந்தும் இருந்தன, அவ்வளவுதான்.

அது செய்த அன்றைய நிலை. பல வருடம் கழித்து ஏ.எல்.டி. கண்ணில் இருப்பது வேறு. வெந்த பள்ளம் தழும்பாகி, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிடும். கார்னியாவின் உள்பக்க எண்டோதீலிய செல்கள், வலையின் மேல் எல்லையான ஷ்வால்பே கோட்டைத் தாண்டி வந்து வலையின் மேல் மெல்லிய சவ்வாகப் படர்வது உண்டு. நீர் புகும் இடைவெளிகளை அது மூடிவிடுகிறது. சுட்ட புள்ளிகளுக்கு நடுவே சுடாமல் விட்ட பகுதி வழியாகத்தான் அதன் பிறகு நீர் வடியும். முதலில் பிரஷர் இறங்கி, வருடம் ஏற ஏறப் பலன் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிக் கண்களில் பலன் போய்விடுகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காஸ்டர்லாண்டும் குப்ஃபரும் 1974-ல் ரீசஸ் குரங்குகளுக்குச் செயற்கையாக கிளாக்கோமா வரவழைத்தது இதே ஆர்கான் லேசரை இதே வலையின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தித்தான். அளவு மிஞ்சினால் சிகிச்சை நோயாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 360 டிகிரியும் ஏ.எல்.டி. முடிந்த கண்ணில் மறுபடி ஏ.எல்.டி. வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அவருக்கு எஸ்.எல்.டி. செய்யலாமா என்றால், செய்யலாம், சில நிபந்தனைகளோடு. முதலில் கோனியோ. பழைய ஏ.எல்.டி. சில கண்களில் வலையில் வெளிறிய சிறு புள்ளிகளாகத் தெரியும். பல கண்களில் ஒன்றுமே தெரியாது, தெரியாததால் செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஷாட்டை வலையின் பின்பகுதியில், ஸ்க்ளீரல் ஸ்பர் பக்கமாக வைத்திருந்தால் கூடாரம் மாதிரி முனை கூம்பிய சின்னச் சின்ன ஐரிஸ் ஒட்டுகள் இருக்கும். வலை குறைந்தது பாதி வட்டமாவது ஒட்டில்லாமல் தெரிய வேண்டும். நிறமி எவ்வளவு என்று கீழ்க் கோணத்தில் பார்த்து எழுதுங்கள். நிறமி அடர்த்தியாக இருந்தால் 0.8-ல் தொடங்குவது தவறு, 0.4 மில்லிஜூலில் தொடங்கி 180 டிகிரி மட்டும். சின்னக் குமிழ் வரும் அளவுக்கு ஏற்றி, வந்ததும் 0.1 இறக்கி அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெரிய குமிழ் எழுந்தால் அது அதிகம்.

மூன்று மருந்துக்கு மேல் செய்யும் எஸ்.எல்.டி., மருந்தே தொடாத கண்ணில் இறக்குகிற அளவுக்கு இறக்காது. அவருடைய டிஸ்க் கப்பிங் (நரம்புத் தலையின் குழி) 0.9 என்று இருந்து, ஃபீல்டு குறை (பார்வைப் பரப்பில் தெரியாத இடம்) நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதென்றால் எஸ்.எல்.டி.க்காக ஆறு மாதம் காத்திருப்பது நஷ்டம். டிரபெகுலெக்டமி (நீர் வடியப் புது வழி திறக்கும் அறுவை) பற்றி டாக்டரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_ஆப்டோம்
ஒரு சந்தேகம் சார். எஸ்.எல்.டி. கம்பியைக் கெடுக்காது என்றால் அது எப்படித்தான் பிரஷரைக் குறைக்கிறது? ஓட்டையும் போடுவதில்லை, இழுத்து விரிப்பதும் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாமா?

திசுப்பிரிவு
அடிபட்ட நிறமி செல்கள் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற செய்திப் பொருள்களை வெளிவிடும். அதனால் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் கூடி, வலையில் சேர்ந்திருக்கும் பழைய பிசினைக் கரைக்கின்றன. மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து குப்பையை விழுங்குகின்றன. வலைக்குப் பின்னால் நீரை வாங்கும் ஷ்லெம் கால்வாயின் சுவர் வழியாக நீர் கடப்பதும் எளிதாகிறது. இதெல்லாம் நடக்க நாள் பிடிக்கும் என்பதால்தான் பலனை நாலு முதல் ஆறு வாரம் கழித்து அளக்கிறோம். மறுநாள் பிரஷர் இறங்கவில்லை என்று நோயாளி பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

பலன் தேய்ந்த பிறகு மறுமுறை செய்யலாம், ஏ.எல்.டி.யைப் போல வலை அதற்குள் பாழாகியிருக்காது. எஸ்.எல்.டி.யையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்ட லைட் (LiGHT) ஆய்வு 718 பேரை எடுத்தது. 2019-ல் வந்த மூன்று வருட முடிவில் முதல் சிகிச்சையாக எஸ்.எல்.டி. பெற்றவர்களில் 74 சதவீதத்தினர் சொட்டு மருந்தே இல்லாமல் இலக்குப் பிரஷரில் இருந்தார்கள். ஆறாவது வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். சிலருக்கு மறுமுறை செய்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் "எத்தனை தடவை வேண்டுமானாலும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் முறை பலனே தராத கண்ணுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பொருளில்லை.

எஸ்.எல்.டி. கண்ணில் கவனிக்க வேண்டிய நீண்டகால விஷயம் கார்னியா. செய்த சில நாளில் எண்டோதீலியத்தில் கரும்புள்ளிகள் தெரிந்து மறைவது சாதாரணம். மிக அரிதாகக் கார்னியா வீங்கி, தெளிந்த பிறகும் லேசான மூட்டமும் பிளஸ் பவர் மாற்றமும் தங்கிவிடும். எஸ்.எல்.டி.க்குப் பிறகு கண்ணாடி பவர் திடீரென்று பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தால் லென்ஸை மட்டும் மாற்றி அனுப்பாமல் கார்னியாவைப் பாருங்கள்.

கோனியோ_குடியாத்தம்
அந்த அம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விதான் பெரிது. வேலூரில் நடந்த கண் ஆய்வு 1998-ல் வெளிவந்தபோது, 30 முதல் 60 வயதுக்குள் மூடிய கோண வகை 4.32 சதவீதம், திறந்த கோண வகை 0.41 சதவீதம் என்று காட்டியது. அன்றைய வகைப்பாட்டில், நரம்பு கெடாத கண்களும் அந்த 4.32-க்குள் அடக்கம். ஆனாலும் பத்து மடங்கு வித்தியாசம். அதே மக்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். கோணம் மூடிப் பிரஷரோ ஒட்டோ ஏற்கெனவே வந்திருந்த 28 பேரில் 8 பேருக்கு நரம்பு கெட்டுவிட்டது. ஐரிஸில் லேசர் ஓட்டை செய்துகொண்ட 9 பேரில் ஒருவர், மறுத்த 19 பேரில் 7 பேர். ஓட்டையின் மதிப்பு இதிலேயே தெரியும். அந்த ஒருவரும் இருக்கிறார் என்பதும் தெரியும். "இனிமே வராது" என்று யாரும் சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் அந்த ஓட்டை உண்மையில் ஓட்டையா என்று உறுதி செய்யுங்கள். பின்னொளியில் சிவப்பாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஐரிஸின் மேல்திசு மெலிந்து, பின்பக்க நிறமிப் படலம் லேசாக மூடியிருந்தாலும் ஒளி கசிந்து சிவப்பாகத் தெரியும். ஸ்லிட் பீமை நேராக ஓட்டைக்குள் விட்டு, லென்ஸின் முன் உறை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். விட்டம் 150 முதல் 200 மைக்ரானாவது வேண்டும். தனி ஆர்கானால் போட்ட ஓட்டைகளில் ஓரத்து நிறமி செல்கள் பெருகி மூடிக்கொள்வது அதிகம். யாக் ஓட்டை திசுவைக் கிழித்து எறிவதால் மூடுவது குறைவு, ஆனால் ஐரிஸ் அழற்சி வந்த கண்ணில் அதுவும் மூடும்.

ஓட்டை சரியாக இருந்தும் பிரஷர் 25 என்றால் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, ஓட்டை போடும்போதே கோணத்தில் நிரந்தர ஒட்டு இருந்திருக்கும். லேசர் அதைப் பிரிக்காது, ஐரிஸ் பல காலம் உரசிய வலை ஒட்டு இல்லாத இடத்திலும் கெட்டிருக்கும். இரண்டு, பிளாட்டோ ஐரிஸ். சிலியரி பாடி முன்னால் தள்ளி நிற்பதால் ஐரிஸின் வேர் வலை மேலேயே சாய்ந்திருக்கும், ஓட்டை அதை மாற்றாது. மூன்று, லென்ஸ். 53 வயதில் போட்ட ஓட்டை அன்றைய லென்ஸுக்குப் போதுமாயிருந்தது. ஒன்பது வருடத்தில் லென்ஸ் தடித்து முன்னால் வந்திருக்கும்.

மூன்றையும் பிரிக்க இருட்டறையில் நாலு கண்ணாடி லென்ஸால் அழுத்திப் பார்க்கும் கோனியோதான் வழி. பீம் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குமேல் வேண்டாம், பாப்பாவில் ஒளி படக் கூடாது. பட்டால் பாப்பா சுருங்கி, மூடிய கோணம் திறந்ததாகத் தெரியும். அழுத்தாமல் பார்க்கும்போது வலை தெரியாமல், அழுத்தினால் தெரிந்தால் அது ஒட்டில்லாத தொடர்பு மட்டும். அழுத்தியும் தெரியாத இடம் ஒட்டு. அழுத்தும்போது ஐரிஸ் நடுவில் பள்ளமாகி, ஓரத்தில் மேடாக நின்று இரட்டை மேடு காட்டினால் பிளாட்டோ. நாலு பக்கத்தையும் கடிகார நேரம் போட்டு எழுதுங்கள்.

இந்த நிலையில் இன்னொரு ஓட்டை போடுவதால் ஒன்றும் ஆகாது. லென்ஸ் காரணம் என்றால் கேட்டராக்ட் அறுவைதான் கோணத்துக்கும் மருந்து. 2016-ல் வந்த ஈகிள் ஆய்வில் 419 பேர், 50 வயதுக்கு மேற்பட்டவர்கள். கோணம் மூடிய கண்ணுக்கு, புரை விழாத லென்ஸாக இருந்தாலும் எடுத்துவிடுவது லேசர் ஓட்டையைவிட நல்ல பலன் தந்தது. அதே சமயம் சும்மா குறுகிய கோணம், பிரஷர் சாதாரணம் என்ற கண்ணுக்கெல்லாம் ஓட்டை போட ஓட வேண்டாம். சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் ஓட்டை போட்டு ஆறு வருடம் பார்த்த ஆய்வில், நோய் முற்றுவது பாதியாகக் குறைந்தது. ஆனால் ஓட்டை போடாத கண்ணிலேயே அது வருடத்துக்கு ஆயிரம் கண்ணில் எட்டுக்குள்தான். தொலைவில் இருந்து வர முடியாதவர், வீட்டில் நோய் உள்ளவர், அடிக்கடி பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரை நோயாளி, இவர்களுக்கு முன்கூட்டியே போடுவதில் நியாயம் உண்டு. மலையடிவாரக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவரை "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று நம்பி அனுப்ப முடியாது.

திசு பக்கம் இன்னும் இரண்டு. நம்மவர்கள் ஐரிஸ் தடித்த பழுப்பு. யாக் மட்டும் வைத்து அடித்தால் ஷாட் ஏறும், ரத்தம் கசியும். அதனால் முதலில் பச்சை லேசரால், 50 மைக்ரான், 0.05 விநாடி, 700 முதல் 1000 மில்லிவாட்டுக்குள், திசுவை மெலிதாக்கிக் குழாய்களை உறைய வைத்து, பிறகு யாக் 2 முதல் 5 மில்லிஜூலில் திறப்பார்கள். இந்தச் சூடும் அதிர்வும் கார்னியாவின் எண்டோதீலியத்தைத் தொடும், முன் அறை ஆழம் குறைந்த கண்ணில் இன்னும் அதிகமாக. ஜப்பானில் ஆர்கான் ஓட்டை போட்ட கண்களில் பல வருடம் கழித்துக் கார்னியா வீங்கி, கார்னியா மாற்று அறுவைக்கு அது ஒரு பெரிய காரணமாகவே ஆனது. காலையில் மூட்டமாக இருந்து மத்தியானத்துக்குள் தெளியும் பார்வை என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டராக்ட் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

எல்லை_விழி
மிகவும் பயனுள்ளது. இரண்டு துணைக் கேள்வி. எண்டோதீலிய செல்களை எண்ணும் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப் எங்களிடம் கிடையாது, எண்டோதீலியத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டை போட்ட பிறகு "கண்ணுக்குள்ள வெள்ளைக் கோடு ஓடுது" என்று சிலர் சொல்கிறார்கள், அது போகுமா?

கோனியோ_குடியாத்தம்
ஸ்லிட் லாம்ப்பிலேயே ஓரளவு முடியும். உருப்பெருக்கம் 40, பீம் குறுக்கி, விளக்கையும் மைக்ராஸ்கோப்பையும் ஏறத்தாழ சம கோணத்தில் இரு பக்கமும் வைத்துப் பளபளப்பு விழும் இடத்தைப் பிடித்தால் எண்டோதீலிய மொசைக் தெரியும். எண்ண முடியாது, ஆனால் கறுத்த திட்டுகளையும் குட்டாட்டா என்ற சிறு மேடுகளையும் பிடிக்கலாம். பேக்கிமீட்டர் இருந்தால் கார்னியா தடிமனை ஒவ்வொரு வருகையிலும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 540 மைக்ரான் இருந்தது 600-க்குப் போனால் கண்ணில் எதுவும் தெரியாவிட்டாலும் அது செய்திதான். தடித்து வீங்கிய கார்னியாவில் அப்ளனேஷன் (கார்னியாவைத் தட்டையாக அழுத்தி அளக்கும்) பிரஷர் குறைவாகக் காட்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கோடு வருவது ஓட்டையின் வழியாக நுழையும் ஒளியால். இமை ஓரம் ஓட்டையைப் பாதி மறைத்து, அங்கே தேங்கும் கண்ணீர் விளிம்பு ஒளியை மடக்கினால் கோடாகத் தெரியும். 2014-ல் வந்த ஓர் ஆய்வு மேல் ஓட்டையைவிட காதுப்பக்க ஓட்டையில் இது குறைவு என்றது. தென்னிந்தியாவில் நடந்து 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில் இடத்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே இடத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். இமையை விரலால் தூக்கியும் இறக்கியும் கோடு மாறுகிறதா பாருங்கள். மாறினால் அதுதான் காரணம், ஆபத்தில்லை. பெரும்பாலோர்க்குப் பழகிவிடும். பழகாதவர்களுக்கு நிறமிட்ட கான்டாக்ட் லென்ஸ் என்று ஒரு வழி உண்டு. கோடு இல்லாமல் மின்னல், மிதக்கும் புள்ளி என்று சொன்னால் அது விழித்திரை விஷயம், பாப்பாவை விரித்துப் பார்க்க அன்றைக்கே அனுப்புங்கள்.

சித்தூர்_கண்
மூன்றாவது நோயாளிக்கு யாரும் வரவில்லை, அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயோடுக்குப் பிறகு 6 என்ற எண்ணைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது. அது இன்னும் இறங்குமா என்பதே கேள்வி.

டயோடு 810 நானோமீட்டர், ஸ்க்ளீரா (வெள்ளை விழி) வழியாகப் போய் சிலியரி பாடியின் நிறமியில் சூடாகிறது. வழக்கமான அளவு 1500 முதல் 2000 மில்லிவாட், 2 விநாடி, 16 முதல் 24 இடம். மெதுவாகச் சுடும் முறையில் 1250 மில்லிவாட், 4 விநாடி. நீர் சுரக்கும் இரட்டை எபிதீலியம் வெந்து போகிறது, ஆனால் அதோடு நிற்பதில்லை. அடியில் உள்ள ஸ்ட்ரோமாவும் அதன் ரத்தக்குழாய்களும் சிலியரி தசையும் சேர்ந்தே சுடப்படுகின்றன. மாதங்கள் போனால் அந்த மடிப்புகள் சுருங்கி, வெளுத்த நார்த்திசுவாகிவிடும். இந்தச் சேதம் திரும்பாது. தவறவிட்ட மடிப்புகள் அப்படியே இருக்கும், ஓரத்து எபிதீலியம் ஓரளவு மறுபடி வளரவும் செய்யும். அதனால்தான் சிலருக்குப் பிரஷர் மீண்டும் ஏறுகிறது, இரண்டாம் முறை தேவைப்படுகிறது. புது ரத்தக்குழாய் கிளாக்கோமாவில் சிலியரி பாடிக்கே ரத்த ஓட்டம் குறைவு. இரண்டு முறை சுட்டால் மிச்சமிருந்ததும் போய் கண் சுருங்கத் தொடங்கலாம். "பாப்" என்று வெடிக்கும் சத்தத்தோடு செய்த கண்களில் சேதம் இன்னும் அதிகம். சத்தம் கேட்டால் பவரை இறக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்பே பஞ்சு நுனியால் கார்னியா உணர்ச்சியைப் பாருங்கள். 3 மணி, 9 மணி இடங்களில் நீளமான சிலியரி நரம்புகள் ஓடுகின்றன. அங்கே சுட்டிருந்தால் கார்னியா மரத்து, வலியே இல்லாமல் புண் வரும். "சிவப்பு இருக்கு, வலி இல்லை" என்று நீங்கள் எழுதியது எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. ஃப்ளூரசின் போட்டுப் பாருங்கள். பிறகு பிரஷர் குறைக்கும் சொட்டு இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். பலர் நிறுத்தச் சொன்னதே தெரியாமல் டைமலால் விட்டுக்கொண்டிருப்பார்கள். முன் அறையில் செல் இருக்கிறதா, ஆழம் குறைந்திருக்கிறதா பாருங்கள். உட்பகுதி தெரியவில்லையென்றால் பி ஸ்கேனில் (கண்ணின் அல்ட்ராசவுண்ட்) கோராய்டு என்ற உட்படலம் விலகியிருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் அனுப்புங்கள். மறு கண்ணையும் விடாமல் பாருங்கள். டயோடுக்குப் பிறகு மறு கண்ணில் அழற்சி வருவது மிக அரிது, ஆனால் அவருக்குப் பார்வை தரும் கண் அது ஒன்றுதான். அந்தக் கண்ணின் விழித்திரைக்குச் சர்க்கரைக்கான லேசரோ ஊசியோ முடிந்ததா என்பதும் அதே சீட்டில் வேண்டும்.

டயோடையே விட்டு விட்டு அடிக்கும் மைக்ரோபல்ஸ் என்றால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு பரவியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது 0.5 மில்லிவிநாடி எரிந்து 1.1 மில்லிவிநாடி ஓயும். இடையில் திசு ஆறுவதால் சேதம் குறைவு என்பது உண்மை. ஆனால் நிறமி அதிகமுள்ள கண்ணில், அதிக நேரம் செய்தால், பாப்பா விரிந்தே நிற்பது, கிட்டப்பார்வைக்குக் குவிக்கும் திறன் குறைவது, மாக்குலா வீக்கம் எல்லாம் வரும். 40 வயதுக்குள் உள்ளவருக்கு மைக்ரோபல்ஸ் ஆகியிருந்தால் கண்ணாடி பவரோடு அக்காமடேஷனையும் அளந்து எழுதுங்கள்.

ராணிப்பேட்டை_ஆப்டோம்
பெரிய கண், மைனஸ் பவர் அதிகமான கண் இவற்றில் டயோடு சரியான இடத்தில் விழுமா?

சித்தூர்_கண்
நல்ல கேள்வி. டயோடைச் செலுத்தும் ஜி புரோபின் முன் விளிம்பை லிம்பஸில் (கார்னியா வெள்ளை விழியைச் சேரும் ஓரம்) வைத்தால் ஃபைபர் நுனி 1.2 மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். அது சாதாரண அளவுக் கண்ணுக்கான கணக்கு. பிறவி கிளாக்கோமாவில் விரிந்த கண்ணில் சிலியரி பாடி இடம் மாறியிருக்கும், ஸ்க்ளீராவும் மெலிந்திருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி விட்டு, சிலியரி பாடியின் கறுப்பு விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்தால் பின்னால் விழித்திரை ஓரம் சுடப்படலாம். புரோப் நுனியில் ரத்தமோ கருகலோ ஒட்டியிருந்தால் சூடு அங்கேயே தங்கி ஸ்க்ளீரா எரியும். பழைய டயோடு கண்ணில் லிம்பஸுக்குப் பின்னால் வரிசையாகச் சாம்பல் நீலத் திட்டுகள் தெரிந்தால் அது மெலிந்த ஸ்க்ளீரா. அந்தக் கண்ணில் அடுத்து என்ன அறுவை செய்தாலும் சர்ஜனுக்கு அது முன்பே தெரிய வேண்டும்.

திசுப்பிரிவு
காகிதம் பற்றி எல்லை_விழி தொடக்கத்தில் சொன்னார், அதற்கு ஒரு வேலை செய்யலாம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு லேசர் கண்ணுக்கும், கண்ணாடிச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். அதைத் தொலைக்க மாட்டார்கள். எந்தக் கண், எந்த லேசர், எந்த வருடம், தெரிந்தால் ஷாட் எண்ணிக்கையும் மொத்த ஆற்றலும், எத்தனை டிகிரி, ஓட்டை எந்த மணியில், ஒட்டு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, கார்னியா தடிமன், பிரஷர் அளந்த நேரம். எண்கள் எந்த மாநிலத்திலும் புரியும். லேசர் பெயர் உறுதியில்லையென்றால் ஊகத்தை எழுத வேண்டாம். "கோணத்தில் லேசர், 1990 வாக்கில், வகை தெரியாது" என்று எழுதினால் அடுத்து பார்க்கிறவர் ஏ.எல்.டி. என்று எடுத்துக்கொண்டு ஆற்றலைக் குறைத்துத் தொடங்குவார்.

எல்லை_விழி
டயோடு நோயாளியை இன்றே போன் செய்து வரச் சொல்லிவிட்டேன். டைமலால் நிறுத்தவில்லை என்கிறார். கார்னியா உணர்ச்சி பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுகிறேன்.

சித்தூர்_கண்
நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லி அவர் வாயால் நிறுத்த வையுங்கள். சொட்டு எந்தக் கண்ணுக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மறு கண்ணுக்கு அது தேவையாக இருக்கலாம். டைமலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, அதனால் ஆஸ்துமா இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.